ஹிலரியின் இதயத்துக்கு ஆகாதவை

மே முதல் தேதி வெயில் நன்றாக அடித்தால் புதாபெஸ்ட்டில் மதியத்துக்குள் கடுகு விழுது தீர்ந்துவிடும். ஊரே புல்தரையில் உட்கார்ந்து சாசேஜ் தின்னும் நாள் அது. அதனால் நானும் என் மனைவியும் பதினோரு மணிக்கு முன்பே மார்கித் தீவுக்குப் போய்விடுவது வழக்கம். இதை முதலில் சொல்லக் காரணம், நாங்கள் அன்று ஏதோ அவசரத்தில் இருந்ததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. ஒன்பது வருடமாக நாங்கள் எதற்குமே அவசரப்பட்டதில்லை.

மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று நான் சொன்னேன், அதிகாரி அவர்களே. உங்கள் மொழியை நான் ஒழுங்காகவே பேசுவேன். ஆனாலும் வெளிநாட்டுக்காரன் வாக்குமூலம் கொடுத்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றீர்கள். நல்ல விதிதான். இந்த அம்மாள் திறமையாகச் செய்கிறார். ஒரே ஒரு குறை, நான் சொல்வதை அப்படியே சொல்லிவிடுகிறார். அனுபவம் வர வர அது சரியாகிவிடும்.

என் பெயர் நைஜல் ப்ராத்வெயிட். வயது அறுபத்தைந்து. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் விட்பி என்ற ஊர். பதினோரு வருடத்துக்கு முன் இங்கே ஒரு மொழிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தேன். ஹிலரியும் கூட வந்தாள். விட்பியில் அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். காலையில் கடலில் நீந்திவிட்டு, ஈரத்தலையோடு சைக்கிளில் பள்ளிக்குப் போவாள்.

அவளுடைய நடையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவன். எங்கே போனாலும் அவள் பத்தடி முன்னால் போய்விடுவாள். பாறை உச்சியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "வா நைஜல், வா வா, ஆமையெல்லாம் உன்னைத் தாண்டிப் போயிட்டிருக்கு" என்பாள். பிரியமாகத்தான் சொல்வாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதாபெஸ்ட்டுக்கு வந்ததும் அது மாறியது. நான் மொழியைப் படித்துக்கொண்டேன். அவளுக்கு அது பிடிபடவில்லை. வந்த முதல் வாரம் ரொட்டிக்கடையில் அவள் எனக்குப் பின்னால் நின்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன் இருபத்தாறு வருடத்தில் ஹிலரி என்னிடம் தனக்குத் தெரியாத எதையும் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒருநாள் உணவு விடுதியில் பரிமாறுகிறவர், இன்றைக்குக் காளான் சூப் பிரமாதம் என்றார். எனக்குக் காளான் வாசனை ஆகாது. "காளான் தீர்ந்துபோச்சாம்" என்று ஹிலரியிடம் சொன்னேன். அவள் கோழி சூப் வாங்கிச் சாப்பிட்டாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் அல்ல, எல்லோருக்கும் நன்மை தரும்படி சொல்வதுதான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஹிலரி ஊருக்குத் திரும்ப முடிவு செய்தாள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் விட்பிக்கே போயிடலாம்னு இருக்கேன் நைஜல். மோரீன் அங்க தனியா கிடக்கா. எனக்கும் இங்க வாயிருந்தும் ஊமை மாதிரி இருக்க முடியல. நீ வர்றதுன்னா வா. வராட்டியும் பரவாயில்ல."

மோரீன் அவளுடைய அக்கா. அந்தப் 'பரவாயில்ல' என்ற சொல்லை நான் பல நாள் யோசித்தேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

அந்த வாரம் கடும் வெயில். டிராமில் நின்றுகொண்டிருந்தபோது ஹிலரிக்குத் தலை சுற்றியது. பயணத்துக்கு முன் எதற்கும் பார்த்துவிடலாம் என்று கெரெஸ்தெஷ் என்ற இதய மருத்துவரிடம் போனோம். பெரிய உடம்பு, சிவந்த கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. எல்லாப் பரிசோதனையும் செய்து முடித்து, காகிதச் சுருளை என் முன்னால் விரித்துப் போட்டார்.

"இந்தம்மாவுக்கு இருபது வயசுப் பொண்ணோட இதயம் சார். தண்ணி குடிக்காம வெயில்ல நின்னிருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல. நல்லா நடக்கட்டும், நீந்தட்டும், மலை ஏறட்டும். நம்ம எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் இவங்க கிளம்புவாங்க." சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். கையை மடக்கிப் புஜத்தை முறுக்கிக் காட்டினார். மேசையை ஓங்கித் தட்டினார்.

"என்ன சொல்றார்?" என்றாள் ஹிலரி.

நான் எதையும் திட்டமிடவில்லை. இதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

"வால்வு ஒண்ணு மெலிஞ்சிருக்காம்" என்றேன்.

"அதுக்கா இப்படிச் சிரிக்கிறார்?"

"இந்த ஊர் டாக்டருங்க கெட்ட செய்தி சொல்லும்போது சிரிப்பாங்க. நோயாளி பயந்துடக் கூடாது பாரு."

"கையை முறுக்கிக் காட்டினாரே?"

"கனமா எதையும் தூக்கக் கூடாதாம்."

"மேசையை ஏன் தட்டினார்?"

"விமானம். அது மட்டும் கூடவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்றார்."

ஹிலரி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா ஏன் வாடிப்போய்விட்டார்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். விடுமுறை முடிகிற வருத்தம் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த அறையில் எல்லோருமே ஒருவருக்கொருவர் மிகவும் இதமாக நடந்துகொண்டோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் என் பக்கத்தில் நடந்தாள். பக்கத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டு, என் வேகத்தில். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தெருவில் போனேன்.

மற்ற விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. சூழ்நிலை கேட்கக் கேட்கச் சேர்த்தேன். மாடிப்படி கூடாது என்றதும் நான்காவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு, முற்றத்தைப் பார்த்த வீட்டுக்கு மாறினோம். நீச்சல் கூடாது. சைக்கிள் கூடாது. ரயிலின் அதிர்வு ஆகாது. மொழி வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டபோது, புது மொழி படித்தால் மூளைக்கு ரத்தம் அதிகம் போய் இதயத்துக்குக் குறைந்துவிடும் என்றேன். கைபேசித் திரையின் வெளிச்சம் வால்வைச் சுருக்கும் என்றேன். காளானும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளுடைய அறிக்கைகளோடு நான் டாக்டரைப் பார்க்கக் கிளம்புவேன். நோயாளியை அலைக்கழிக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பதாக ஏற்பாடு. அவர் அறைக்கு எதிரே ஒரு கடையில் காபி குடித்துவிட்டு, புது விதிகளோடு வீடு திரும்புவேன். காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை கொடுப்பேன். வெறும் கால்சியம்தான். அந்த வயதுப் பெண்களுக்கு அது நல்லதும்கூட. அவள் எலும்பெல்லாம் இன்று உறுதியாக இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த ஊரில் இல்லையா என்று கேட்கிறீர்கள். நிறைய இருக்கிறார்கள். ஆனால் காபிக்கடையில் வேலை செய்கிற பெண்ணிடம் யாராவது தன் வால்வைப் பற்றிப் பேசுவார்களா? ஒருமுறை ஹிலரி, ஆங்கிலம் தெரிந்த வேறு டாக்டரைப் பார்க்கலாமே என்றாள். கெரெஸ்தெஷ் மாதிரி வால்வு தெரிந்தவர் ஐரோப்பாவிலேயே இல்லை என்றேன். அவள் என்னை நம்பினாள். நல்ல திருமணத்துக்கு நம்பிக்கைதான் அடிப்படை.

மேல்மாடியில் பிரோஷ்கா என்று ஒரு விதவை இருக்கிறாள். முதல் வருடங்களில் அவள் கசகசா வைத்த கேக் செய்து எடுத்துவருவாள். வியாழக்கிழமை தோறும் வெந்நீர்க் குளத்துக்குத் தன்னோடு ஹிலரியை அனுப்பச் சொல்லி வாசலில் நின்று கேட்டாள். கையால் நீந்துகிற மாதிரி வேறு செய்து காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"ரேடியோ சத்தம் அவங்களுக்குத் தொந்தரவா இருக்காம். கையை ஆட்டி ஆட்டிச் சண்டைக்கு வர்றாங்க."

ஹிலரி முகம் சிவந்து உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினாள். பிரோஷ்காவிடம், என் மனைவிக்கு நரம்புக் கோளாறு, ஆட்களைக் கண்டால் ஆகாது என்று வருத்தத்தோடு சொன்னேன். அதற்குப் பிறகு கேக் வரவில்லை. இழப்பு எனக்கும்தான்.

தினமும் காலையில் ஹிலரியின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் எழுதுவேன். முதலில் அது வெறும் நம்பகத்தன்மைக்காகத்தான். ஆனால் நான்காம் வருடம் ஒருநாள், ஒரு துடிப்பு விட்டுப்போனதை உணர்ந்தேன். சிரிக்காதீர்கள். என் விரல் நுனியில் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஒரு வெற்றிடம், பிறகு ஐந்து. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து எச்சரிக்கைகளை இன்னும் கூட்டினேன்.

ஐந்தாம் வருடம் மோரீனுக்கு நோய் வந்தது. ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள். "ஒரு தடவை வந்துட்டுப் போடி" என்பாள். பேசி முடித்ததும் ஹிலரி என்னிடம் வருவாள். விமானம் வேண்டாம், பஸ்ஸில் போய், கப்பலில் ஏறி, மெதுவாகப் போகிறேனே, டாக்டரிடம் கேட்டுப் பார் என்றாள். நான் போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன்.

"கடல் காத்து கூடாதுங்கிறார்."

ஹிலரி என்னை வெகு நேரம் பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்து கடல் காத்துலதானே நைஜல் வளர்ந்தேன்?"

"அதனாலதான் வால்வு மெலிஞ்சுதாம்."

பிப்ரவரியில் மோரீன் இறந்துபோனாள். அடக்கம் நடந்த அன்று ஹிலரி கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு, சமையலறை நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் உருளைக்கிழங்கு சூப் வைத்துக் கொடுத்தேன். நானும் துக்கப்பட்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மோரீனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. இருந்தும் துக்கப்பட்டேன்.

சரி, மே முதல் தேதிக்கு வருகிறேன்.

விடுமுறை நாட்களில் வெளியே போவது எங்களுக்குப் பிடிக்கும். பாலத்தின் நடுவில் டிராமை விட்டு இறங்கி, தீவுக்குள் நடப்போம். பத்தடி நடப்போம், நிற்போம். "எப்படி இருக்கு?" என்பேன். "நல்லா இருக்கு" என்பாள். மறுபடி பத்தடி. பாலத்திலிருந்து தீவின் வாசலுக்கு வரவே எங்களுக்கு அரை மணி ஆகும். அன்றைக்கு ஒரு டச்சுக்காரத் தம்பதி எங்களைப் படம் எடுத்தார்கள். வயதான பின் நாங்களும் இப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஆங்கிலத்திலேயே சொன்னாள். ஹிலரி புன்னகைத்தாள். அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

சாசேஜ் கிடைத்தது, கடுகும் கிடைத்தது. நான் சோடா கலந்த ஒயின் குடித்தேன். ஹிலரிக்கு வெறும் சோடா. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்துக்கொண்டு, எதிரே பந்து விளையாடுகிறவர்களை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, குடை போட்ட நான்கு சக்கர மிதிவண்டிகள் வாடகைக்கு நிற்பதைக் காட்டினாள்.

"பத்தடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு அலுத்துப்போச்சு. இன்னிக்கு ஒரு நாள் உருண்டு போகலாமே."

அவள் ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. ஒன்றை எடுத்தோம். அதில் இருவரும் மிதிக்கலாம். ஹிலரியின் கால்களைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்துவிட்டு, நான் மட்டும் மிதித்தேன். பெரிய புல்வெளியைச் சுற்றி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தோம். காற்று நன்றாக இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நைஜல் சார்! அட, இங்கிலாந்து சார்! நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தேன். அதே மாதிரி ஒரு மிதிவண்டியில் டாக்டர் கெரெஸ்தெஷ் வந்துகொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, வயிறு பெருத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. நான் சற்று வேகமாக மிதித்தேன். அவரும் வேகமாக மிதித்தார்.

"யாரோ நம்மள கூப்பிடுறாங்க நைஜல்."

"ஐஸ்கிரீம் விக்கிறவர்."

ஹிலரி திரும்பிப் பார்த்தாள். "வண்டியில ஐஸ்கிரீமே இல்லையே?"

"தீர்ந்துபோச்சுன்னுதான் கத்துறார்."

"அதைச் சொல்லவா துரத்திட்டு வர்றார்?"

"இங்க எல்லாம் நேர்மையான வியாபாரம்."

பின்னால் டாக்டரின் மனைவி அவரைத் திட்டுவது கேட்டது. "மெதுவா போய்யா கிழவா! உன் முட்டி கழண்டு விழுந்தா நான் பொறுக்கி எடுக்க மாட்டேன்." அவர் கேட்கவில்லை. ஒரு வளைவில் அந்த அம்மாள், "நீ போய் மோதிச் சாவு, நான் நடந்து வர்றேன்" என்று இறங்கிவிட்டாள். வண்டி இலேசாகிவிட்டது. அவர் நெருங்கினார்.

எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் வலி. உண்மையான வலி. வண்டி தளர்ந்தது. அப்போது ஹிலரி கம்பியிலிருந்து காலை எடுத்து மிதியில் வைத்தாள். நான் கத்துவதற்குள் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். வண்டி பாய்ந்தது. தொப்பி பறந்தது. புறாக்கள் சிதறின. ஹிலரி சிரித்தாள். ஒன்பது வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. எனக்கு அது பயமாக இருந்தது. நிறுத்து, நிறுத்து என்று நான் பிரேக்கைப் பிடித்தேன். அல்லிக்குளத்தின் கரையில் வண்டி நின்றது. டாக்டரும் வந்து எங்களுக்கு இணையாக, குளத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நிறுத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஹிலரியின் கையை எடுத்து முத்தமிட்டு, பழைய முறைப்படி வணக்கம் சொன்னார்.

"ஹிலரி, இவர்தான் டாக்டர். ஐஸ்கிரீம்காரர்னு தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். வேறு வழியில்லை. அவளுக்கே அடையாளம் தெரிந்துவிட்டது.

டாக்டர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கட்டைவிரலை நிமிர்த்தி அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். வாய் கொள்ளாத சிரிப்பு.

"என்ன சொல்றார்? கட்டைவிரல்னா என்ன?"

யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. "ஒண்ணு" என்றேன். "ஒரு வருஷம்."

அது தவறான சொல் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் பயந்து போய் காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ டாக்டரைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"ஒரே வருஷம்தானா? அப்ப நாளைக்கே கிளம்புறேன்."

"எங்கே?"

"விட்பிக்கு. மோரீன் கல்லறையில ஒரு பூ வைக்கணும். கடல்ல ஒரு தடவை இறங்கணும். விமானத்துல உயிர் போச்சுன்னா போகட்டும், மிச்சம் என்ன பெரிசா இருக்கு?"

"இரு, நான் சரியா கேட்கல. திரும்பக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.  டாக்டரிடம், அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் கிளம்புகிறோம் என்றேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"இருங்க சார், இருங்க. என் பேத்திகிட்ட கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்கேன். நானே சொல்லிப் பார்க்கிறேன். நீங்க குறுக்க பேசக் கூடாது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஹிலரியைப் பார்த்து, ஆங்கிலத்தில், பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பது போலத் தொடங்கினார். "மேடம். உங்கள். இதயம்."

அடுத்த சொல் அவருக்கு வரவில்லை. கண்ணை இடுக்கி வானத்தைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். ஹிலரி முன்னால் சாய்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் அவருக்கு வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். முப்பது வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரு மாணவனின் முகத்தில் சொல் வரும் தருணம் எனக்குத் தெரியும்.

நான் கைப்பிடியை அவர் பக்கம் முழுதாகத் திருப்பி, எழுந்து நின்று, இரண்டு காலாலும் மிதித்தேன்.

பிரேக் பழுது என்று காலையில் உங்களிடம் சொன்னது பொய். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அவர் வண்டியோடு சரிந்து குளத்துக்குள் போனார். ஆழம் இடுப்பளவுதான். அவர் நீரில் மூழ்குவார் என்று நான் நினைக்கவில்லை. பேச்சு நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். தொடை எலும்பு முறிந்ததற்கு வருந்துகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. ஹிலரி வண்டியிலிருந்து குதித்தாள். தண்ணீரில் இறங்கினாள். அவ்வளவு பெரிய ஆளை அக்குளில் கை கொடுத்து இழுத்துக் கரையில் போட்டாள். பிறகு ஓடினாள். புல்வெளிக்கு அந்தப் பக்கம், முதலுதவிக் கூடாரத்துக்கு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்து விளையாடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். நான் "ஹிலரி, உட்காரு!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. முதலுதவிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பியும் ஓடியே வந்தாள். அந்தப் பெண்ணுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அதற்குள் டாக்டரின் மனைவியும் வந்து, "சொன்னேனே, சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தரையில் படுத்தபடி, வலியோடு, ஹிலரியைப் பார்த்து ஏதோ சொன்னார். ஹிலரி என் பக்கம் திரும்பினாள். பழக்கம்தான்.

"அசையாம உட்காரணும்னு சொல்றார்" என்றேன்.

முதலுதவிப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. "இல்லையே" என்றாள். "அம்மா, அவர் சொன்னது வேற. நீங்க குதிரை மாதிரி ஓடுறீங்களாம். ஒன்பது வருஷம் முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாராம், இருபது வயசுப் பொண்ணோட இதயம்னு. நான் சொன்னது சரியாப் போச்சான்னு கேட்கிறார்."

 ஹிலரி தன் மணிக்கட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். "ஓடி வந்தவங்களுக்கு இது ரொம்ப அருமையான துடிப்பும்மா. எனக்கே இப்படி இல்ல."

"ஒண்ணாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விடல."

நான் அருகில் போய், வெயிலில் நிற்காதே என்றேன். ஹிலரி என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம், அவளுக்குக் கை வலு உண்டு. அவள் அந்தப் பெண்ணிடம், விமான நிலையத்துக்குப் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று கேட்டாள். டாக்டரின் ஈர நெற்றியில் கை வைத்து நன்றி சொன்னாள். பிறகு ஈரக்கால்களோடு பாலத்தைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கூப்பிட்டேன். பத்தடிக்கு ஒரு தடவை நிற்கச் சொன்னேன். பாலத்துக்குப் போவதற்குள் அவள் விடுமுறைக் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டை நான் ஒளித்து வைத்திருந்தேனா என்று கேட்டீர்கள். அது எப்போதும் அவள் கைப்பையில்தான் இருந்தது. நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஒரு பெண்ணை அடைத்து வைக்கிற ஆள் இல்லை நான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் கெரெஸ்தெஷைக் குளத்தில் தள்ளியது நான். வேண்டுமென்றே தள்ளினேன். ஒன்பது வருடம் முன்பு அவர் சொன்னதை மாற்றிச் சொன்னதும் நான். மோரீன் கூப்பிட்டபோது ஹிலரியைப் போகவிடாமல் செய்ததும் நான். இதற்கெல்லாம் சட்டத்தில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. சற்று முன் உங்கள் சக அதிகாரி கதவைத் திறந்து, என் மனைவி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறாள் என்று உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்களும் சும்மா தலையாட்டினீர்கள். அதிகாரி அவர்களே, நீங்கள் உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும். அவளை ஏற்றக் கூடாது என்று சொல்லுங்கள். நேற்று அவள் ஓடியதே அதிகம். ஒன்பது வருடமாகத் தினம் காலையில் அந்த நாடியைப் பிடித்தவன் நான், அந்தப் பெண் ஒரு நிமிடம் பிடித்தவள். அவள் வால்வு தாங்காது. அவளுக்கு விமானம் கூடவே கூடாது.

டாக்டரே சொல்லியிருக்கிறார்.